தருமிக்காகச் சபை ஏறியவர்

"நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே" என்பதை நம்மில் சொல்லாதவர் யார்? பட்டிமன்ற மேடையில் சொல்வார்கள். மேலாளரோடு முட்டிக்கொண்டவர் டீக்கடையில் நின்று சொல்வார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லப் பயந்த ஆளும் இதைத்தான் முன்னுரையாகப் போடுவார். நக்கீரரின் புகழ் அப்படி. சரி, அந்தச் சண்டை யாருக்காக நடந்தது என்று கேளுங்கள். "அதான், நாகேஷ் வருவாரே!" என்று சொல்லிச் சிரித்துவிடுவார்கள்.

நாகேஷ் நடித்த அந்த ஆளின் பெயர் தருமி. கதையில் அவனுக்குச் சின்ன வேடம்தான். ஆனால் கடவுளே வேஷம் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தது அவனுக்காக. பாருங்கள், நக்கீரருக்கு 'அவர்' போட்ட என் கை, தருமிக்கு 'அவன்' போட்டுவிட்டது. வயதில் சின்னவன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

தருமியை வைத்து நம் புராணக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சங்கதியை விளக்கப் பார்க்கிறேன். கடவுள் மாறுவேடத்தில் வருகிறார், ஊர் கவனிக்காத ஒரு சாதாரண ஆளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறார். புராணம் படித்துப் பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பக்தி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கதையாகவே படிக்கலாம்.

முதலில் கதை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மதுரைக் கோயிலின் சிவன், சொக்கநாதர், அந்த ஊரில் செய்ததாகச் சொல்லப்படும் 64 லீலைகளைப் பாடும் நூல் திருவிளையாடற் புராணம். பாடியவர் வேதாரண்யத்தில் பிறந்த பரஞ்சோதி முனிவர். ஒரு லீலைக்கு ஓர் அத்தியாயம். அதற்குப் 'படலம்' என்று பெயர். 52ஆவது படலம் 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்'. கிழி என்றால் துணி முடிப்பு. பணத்தைத் துணியில் வைத்து முடிந்து தொங்கவிட்டிருப்பார்கள், பரிசு பெற்றவர் அதை அறுத்து எடுத்துக்கொள்வார். இந்த அறுத்தெடுக்கும் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

படலத்தின் பெயரைக் கவனித்தீர்களா? நக்கீரரோடு வாதிட்ட படலம் என்று பெயர் வைத்திருக்கலாம், நெற்றிக்கண் காட்டிய படலம் என்றும் வைத்திருக்கலாம். வைத்தது தருமியின் பெயரை.

கதை இதுதான். பாண்டிய மன்னன் நந்தவனத்தில் அரசியோடு இருக்கிறான். செண்பகத் தோட்டம் வைத்து வளர்த்ததால் செண்பக பாண்டியன் என்று பெயர் எடுத்தவன். காற்றில் புதிதாக ஒரு மணம் வருகிறது. எந்தப் பூ என்று தேடினால், அது அரசியின் கூந்தலிலிருந்து வருகிறது. பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவும் சாந்தும் ஏற்றித்தான் வருகிறதா என்று அவனுக்கு ஐயம். நாட்டை ஆளுகிறவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கக் கூடாது. வசந்த காலம், பெரிய வீட்டுச் சந்தேகம். தன் மனதிலுள்ள ஐயத்துக்குப் பொருந்துகிற மாதிரி பாட்டு எழுதி வருகிறவருக்கு ஆயிரம் பொன் என்று சொல்லி, சங்க மண்டபத்தில் பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டான்.

அதே ஊரில் தருமி இருக்கிறான். புராணத்தில் இவன் புலவன் இல்லை. சினிமாவில் மாற்றியது இதைத்தான், அதற்குப் பிறகு வருகிறேன். புராணத்துத் தருமி ஆதிசைவர் குலத்துப் பிரம்மச்சாரி. பரம்பரையாகச் சிவன் கோயிலில் பூசை செய்கிறவர்கள் ஆதிசைவர்கள். கல்யாணம் ஆகி இல்லறத்தில் இருப்பவர்தான் அந்தப் பூசைக்கு உரியவர் என்பது அவர்கள் முறை. தருமிக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணப் பேச்செடுக்க ஓர் ஆள் இல்லை, கையில் காசும் இல்லை. ஆகவே கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாததால் பிறந்த தொழிலைச் செய்யும் தகுதியும் இல்லை. வேதம், ஆகமம் எல்லாம் படித்துவிட்டு வாசலிலேயே நிற்கிறான்.

சொக்கர் முன்னால் போய் நின்று அவன் சொல்வதைப் பரஞ்சோதி முனிவர் சுருக்கமாகத்தான் பாடுகிறார். தாய் தந்தை இல்லாதவன், தனியன், மணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன், இந்தக் கவலையைத் தீர்த்து வைக்க இதுதான் சமயம் என்கிறான். 'எனக்கு ஆயிரம் பொன் கொடு' என்று வெறும் பணமாக அவன் கேட்கவில்லை. அவன் கேட்பது ஊரில் மற்றவர்களைப் போல ஒரு மனிதனாக நிற்க ஓர் இடம். சொக்கர் ஒரு பாட்டைத் தருகிறார்.

பாட்டைச் சங்கத்துக்குக் கொண்டுபோகிறான். புலவர்கள் பார்க்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மன்னனிடம் போகிறது, அவன் மனதில் இருந்ததே பாட்டாக வந்திருக்கிறது, மகிழ்ந்து போகிறான். போய்ப் பொற்கிழியை எடுத்துக்கொள் என்கிறான். தருமி போய் முடிப்பை அறுக்கப் போகிற நேரத்தில் ஒரு குரல்: நில், இந்தப் பாட்டில் குற்றம் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கை முடிப்பின் மேல் இருக்கிறது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் எல்லோரும் வாழ்த்திய ஆள். பரிசு கிடைக்காமல் போவது ஒன்று. எடுக்கப்போன கையைச் சபை நடுவில் தடுப்பது வேறு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார வைத்து, சாதம் விழுகிற நேரத்தில் "நீங்க எந்திரிங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பசியோடு வீட்டுக்குப் போய்விடலாம், எழுந்து நடக்கிற அந்தப் பத்தடி தூரம்தான் மறக்காது. நக்கீரர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்தது பாட்டை. பாட்டுக்குப் பின்னால் நின்ற பையனை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

தருமி திரும்பிக் கோயிலுக்கு வருகிறான். அங்கே அவன் புலம்புவதுதான் இந்தப் படலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வறுமையில் கிடந்து பல நாள் உன்னை வழிபட்டவன் நான், கிடைக்க இருந்த பொருள் போய்விட்டதே என்று நான் பேச வரவில்லை என்று ஆரம்பிக்கிறான். கொஞ்ச நாள் வாழ்கிற, கொஞ்ச அறிவுள்ள புலவர்கள் உன் பாட்டுக்குக் குற்றம் சொன்னால், உன்னை யார் மதிப்பார்கள்? இந்த இகழ்ச்சி உனக்குத்தான், எனக்கு என்ன வந்தது? அவன் பேச்சின் சாரம் இதுதான்.

சாமர்த்தியமான பேச்சு. ஏழை தன் அவமானத்தைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் தன் மானத்தையும் சொக்கர் மானத்தையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டான். வக்கீல் வைக்க வசதியில்லாதவன் நீதிபதியையே வழக்கில் ஒரு கட்சியாகச் சேர்த்த மாதிரி. சினிமாவில் பார்த்த நடுங்குகிற தருமியை மறந்துவிட்டு இந்த இடத்தைப் படித்தால், நமக்குப் பழக்கமில்லாத வேறொரு தருமி தெரிவான்.

சொக்கர் என்ன செய்திருக்கலாம்? கோயில் படியில் ஆயிரம் பொன்னை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. புராணத்தில் அவருக்குப் பொன் ஒரு பொருட்டே இல்லை. திருப்பூவணத்தில் பொன்னனையாள் வீட்டுப் பாத்திரங்களைப் பொன்னாக்கும் லீலையே தனியாக இருக்கிறது. ஆனால் இங்கே பொன் கொடுத்தால் தருமிக்குப் பணம் வரும், சபையில் போனது திரும்பி வராது. சபையில் போனதைச் சபையில்தான் மீட்க வேண்டும். அதனால் அவர் ஒரு புலவராக வேஷம் போட்டுக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்புகிறார்.

மாறுவேடக் கதைகள் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, வேஷம் ஏன் அந்த வேஷமாக இருக்கிறது என்பதைத்தான். கடவுள் அரசனாக வந்து 'கொடுத்துவிடு' என்று உத்தரவு போட்டிருக்கலாம். அப்படி வந்தால் அது சிபாரிசு ஆகிவிடும்; தருமியைச் சிபாரிசில் பரிசு வாங்கியவன் என்றுதான் ஊர் பேசும். புலவர் சபையில் புலவனின் பேச்சுக்குத்தான் மதிப்பு. யார் அவமானப்பட்டாரோ அவர் பக்கத்தில் போய், எந்த இடத்தில் அவமானம் நடந்ததோ அந்த இடத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்று பேச வேண்டும். அதற்குத்தான் வேஷம்.

சபையில் அவர் கேட்கும் முதல் கேள்வி: நம் பாட்டுக்குக் குற்றம் சொன்னது யார்? நக்கீரர், நான்தான் என்கிறார். என்ன குற்றம்? சொல்லில் குற்றம் இல்லை, பொருளில் குற்றம் என்கிறார் நக்கீரர். புதியவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன்: பாட்டில் இலக்கணமோ சொல்லோ தவறினால் அது சொற்குற்றம்; சொல்லப்பட்ட விஷயமே உண்மைக்கு ஒத்துவராவிட்டால் பொருட்குற்றம். பூ வைத்தால் கூந்தல் மணக்கும், தானாக மணக்காது என்பது நக்கீரர் கட்சி. உயர்ந்த இலக்கணம் உள்ள பெண்களின் கூந்தல்? அதுவும் அப்படித்தான். தேவலோகப் பெண்கள்? மந்தாரப் பூ வைப்பதால் மணக்கிறது. நீ வணங்குகிற காளத்திநாதன், அதாவது சிவனின் தேவி ஞானப் பூங்கோதை? அங்கேயும் அதே பதில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். புலவர் நெற்றிக்கண்ணைக் காட்டுகிறார். உடம்பெல்லாம் கண்ணானாலும் உம் பாட்டில் குற்றம் குற்றமே என்று நக்கீரர் அசையாமல் நிற்கிறார், வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். அடுத்த படலத்தில் கரையேறுகிறார்.

நெற்றிக்கண்ணைத் திறந்த இடத்தில் சொக்கர் வாதத்தில் தோற்றுவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. வேஷத்துக்கு ஒரு சட்டம் உண்டு என்று மேலே சொன்னேனே, அதை அவரே மீறுகிறார். புலவராக இருந்த வரைக்கும் சரிக்குச் சரி. கண்ணைக் காட்டியவுடன் அது வாதம் இல்லை, மிரட்டல். கடவுள் புகழைப் பாட வந்த புராணமே இதை மறைக்காமல் சொல்லியிருப்பதுதான் ஆச்சரியம். பரஞ்சோதி முனிவர் நக்கீரரை முட்டாளாக்கவில்லை. அவருடைய வைராக்கியத்தை அப்படியே நிற்க விட்டிருக்கிறார். இந்த நேர்மையால்தான் கதை முழுவதும் நக்கீரர் பக்கம் சாய்ந்து, தருமி மூலைக்குப் போனான்.

மூலையிலிருந்து அவனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது 1965இல் வந்த 'திருவிளையாடல்' படம். இயக்கியவர் ஏ.பி. நாகராஜன், நக்கீரராக நடித்ததும் அவரே. சிவனாக சிவாஜி கணேசன், தருமியாக நாகேஷ். படத்தில் தருமி பிரம்மச்சாரி இல்லை, பரிசுக்கு அலையும் ஏழைப் புலவன். மாறுவேடச் சிவன் படத்தில் இரண்டு முறை வருகிறார்: முதலில் கோயிலில் தனியாகப் புலம்பும் தருமியிடம், பிறகுதான் சபையில். குற்றம் இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி பரிசைக் குறைத்துக்கொண்டு கொடுங்களேன் என்று தருமி பேரம் பேசுவதைக் கேட்டு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வலிக்கும். காய்கறிக்காரர் அழுகல் தக்காளியைத் தனியாக வைத்து "இதுக்குப் பாதி விலை கொடுங்க" என்பாரே, அந்தக் குரல் அது. நாகேஷ் அந்தக் காட்சியை வெறும் கோமாளித்தனமாக விடவில்லை.

படம் கொடுத்த இன்னொரு சொத்து 'மண்டபம்'. யாராவது அடுத்தவர் எழுதியதைத் தன் பெயரில் போட்டால் "மண்டபத்துல யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?" என்று இன்றும் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். அடுத்தவர் பாட்டைக் கொண்டுவந்தவனுக்கு என்ன மானம், அதைக் கடவுள் வேறு வந்து காக்க வேண்டுமா? இன்றைய கணக்கில் தருமி செய்தது காப்பி. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். புராணத்தில் நக்கீரர் எடுத்த பிரச்சினை, பாட்டை யார் எழுதியது என்பது இல்லை. கூந்தலுக்கு மணம் உண்டா என்பது. தருமி மாட்டியது தன் தவறுக்காக இல்லை; அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாத ஒரு விஷயத்துக்காக. பாட்டைக் கொடுத்தவர் நேரில் வந்து 'இது நம் பாட்டு' என்று பொறுப்பு ஏற்றுக்கொள்வதுதான் அதற்கு முறை. அவர் அதைத்தான் செய்தார். தன் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டு, பிரச்சினை வந்ததும் போனை எடுக்காத பெரிய மனிதர்களை நமக்குத் தெரியும் இல்லையா? சொக்கர் போனை எடுத்தார்.

இதே வகைக் கதைகள் புராணத்தில் இன்னும் இருக்கின்றன. 39ஆவது படலம் 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்'. தனபதி என்ற வணிகருக்குப் பிள்ளை இல்லை. உடன்பிறந்தவளின் மகனை வளர்த்து, சொத்தை எல்லாம் அவனுக்கே கொடுத்துவிட்டு, மனைவியோடு தவம் செய்யப் போய்விட்டார். ஆள் இல்லாத வீடு என்றதும் பங்காளிகள் சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். தாயும் பிள்ளையும் சொக்கரிடம் அழுகிறார்கள். வழக்குச் சபையில், போன மாமனின் உருவத்திலேயே சொக்கர் வந்து நிற்கிறார். பையனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். இவர் தனபதி இல்லை என்று பங்காளிகள் சாதிக்கிறார்கள். அவரோ குடும்பத்தின் பெயர், உறவு, வழிவழிச் செய்தி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி நிரூபிக்கிறார். இங்கே நெற்றிக்கண் இல்லை, அற்புதம் இல்லை. ஒரு தாய்மாமன் சொல்ல வேண்டிய சாட்சியம் மட்டும்தான். வேஷத்தின் சட்டத்தைச் சரியாகக் காப்பாற்றியது இந்தக் கதைதான் என்பது என் கணிப்பு. தாய்மாமன் இல்லாத பிள்ளைக்குச் சபையில் என்ன மரியாதை என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

41ஆவது படலத்தில் பாணபத்திரர் என்ற யாழ்ப்பாணர். வடக்கிலிருந்து வந்த ஏமநாதன் என்ற பெரிய பாடகனோடு போட்டி போட வேண்டிய நிலை. தோற்றால் என்ன ஆகுமோ என்று பயம். சொக்கர் கிழ விறகுக்காரனாக விறகுச் சுமையோடு வந்து, ஏமநாதன் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதாரிப் பண் பாடுகிறார். அசந்து போன ஏமநாதன், நீ யார் என்று கேட்கிறான். பாணபத்திரரிடம் இசை படிக்கப் போனேன், வயதானவன் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார் என்கிறார் கிழவர். தள்ளுபடியான சீடனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்று ஏமநாதன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்துவிடுகிறான். பாணபத்திரரை ஒரு வார்த்தை பாட வைக்காமலேயே அவர் பெயரை உயர்த்தியாயிற்று. தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டதால் மட்டுமே இது முடிந்தது. மாறுவேடத்தின் உச்சபட்ச சாமர்த்தியம் என்று இதைச் சொல்வேன், குறும்பும் அதிகம்.

61ஆவது படலத்து வந்தியைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும் என்று அரச கட்டளை. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சொக்கர், பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலையைச் சரியாகச் செய்யாமல் ஆடிப் பாடித் தூங்குகிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. கூலிக்காரனாக வந்ததால் கூலிக்காரனுக்கு விழும் அடியும் சேர்ந்தே வந்தது. வந்தியின் பங்குக்கு உரிய அடியை அவர் வாங்கிக்கொண்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இது வைகைக் கரைப் பக்கம் புட்டுத்தோப்பில் வருஷா வருஷம் நடத்திக் காட்டப்படுகிறது. தருமிக்குப் பொற்கிழி கொடுத்ததும் அதே விழாவில் ஒரு நாள் லீலை.

கடவுள் வேஷம் போட்டு வரும் எல்லாக் கதையும் இந்த வகை இல்லை. பெரியபுராணத்திலும் சிவன் வேஷம் போட்டு வருவார். இளையான்குடி மாறனார் வீட்டுக்கு மழை ராத்திரியில் பசியோடு வருவார், விதைத்த நெல்லை வயலிலிருந்து அள்ளி வந்து சமைக்க வேண்டியிருக்கும். சிறுத்தொண்டரிடம் பிள்ளைக் கறியே கேட்பார். அங்கே சோதனை அடியாருக்கு. தருமி, வந்தி, பாணபத்திரர் கதைகளில் சோதனை ஊருக்கும் சபைக்கும்: ஆதரவில்லாத ஆள் ஒருவர் உங்கள் முன் நிற்கிறார், என்ன செய்யப் போகிறீர்கள்? முதல் வகையில் கதவைத் தட்டுகிறவர் கடவுள். இரண்டாவது வகையில் தட்டுவது சாதாரண ஆள், கடவுள் பக்கத்தில் நிற்கிறார். புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி அந்தப் பாட்டு. குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு, பாடியவர் பெயர் இறையனார்:

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற்று அரிவை கூந்தலின்
நறியவும் உளவோ நீஅறியும் பூவே.

காதலன் ஒரு தும்பியிடம் கேட்கிறான்: பூப்பூவாகத் தேன் தேடி வாழ்கிற தும்பியே, எனக்குப் பிடிக்கும் என்று எதையாவது சொல்லாதே, நீ கண்டதைச் சொல். இந்தப் பெண்ணின் கூந்தலைவிட மணமுள்ள பூ உனக்குத் தெரிந்து இருக்கிறதா? அவ்வளவுதான். பாண்டியனும் இல்லை, பொற்கிழியும் இல்லை, காதல் பாட்டு. பாடியவர் பெயர் இறையனார் என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த கதைதான் மற்றதெல்லாம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

இரண்டாவது வரியை இன்னொரு தடவை படியுங்கள். காமம் செப்பாது கண்டது மொழிமோ. முகத்துக்காகப் பேசாதே, கண்டதைச் சொல். சபையில் நக்கீரர் செய்தது சாட்சாத் அதேதான். பாட்டு தும்பியிடம் கேட்டதைப் புலவர் செய்துவிட்டார், பாட்டு எழுதியவருக்குக் கோபம் வந்துவிட்டது!

கதையின் வயதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பரஞ்சோதிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால், 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் இதைப் பாடியிருக்கிறார். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், அன்றைய திருப்புத்தூர், அந்த ஊரைப் பற்றி அவர் பாடிய தாண்டகம் என்ற வகைப் பதிகத்தில் வரும் வரி: "நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கமேறி நற்கனகக் கிழிதருமிக் கருளினோன்காண்." நல்ல பாட்டுப் பாடும் புலவனாகச் சங்கம் ஏறி, தருமிக்குப் பொற்கிழி அருளியவன். வேஷம் இருக்கிறது, சபை இருக்கிறது, பொற்கிழி இருக்கிறது, தருமியின் பெயர் இருக்கிறது. நக்கீரர் இல்லை, நெற்றிக்கண் இல்லை. அப்பர் இந்தக் கதையை ஒரே வரியில் சொல்ல நினைத்தபோது விட முடியாமல் வைத்துக்கொண்ட பெயர் இந்தப் பையனுடையது.

புராணத்தில் அடுத்து 54ஆவது படலம் வருகிறது. அகத்தியர் வந்து கீரருக்கு, அதாவது நம் நக்கீரருக்கு, இலக்கணம் சொல்லித் தருகிறார், கதை கீரரோடு போய்விடுகிறது. தருமி அங்கே இல்லை. அவன் கையில் இப்போது ஆயிரம் பொன் இருக்கிறது, பார்க்க வேண்டிய கல்யாண வேலை நிறைய இருக்கும்.